முத்தெடுத்தவர்களின் மூச்சு

தமிழ் இலக்கியக் கூட்டம் ஒன்றின் வரவேற்புரை நிறைவுபெற வேண்டுமென்றால், யாரேனும் ஒருவர் சங்க இலக்கியக் கடலில் மூழ்கி முத்தெடுத்தாக வேண்டும். அறிமுகப்படுத்தப்படுபவர் ஆய்வாளர் எனில் அவர் ஆழ்ந்து மூழ்கியவர். கவிஞர் எனில் அவர் கொணர்ந்தது நன்முத்து. எதிரே அமர்ந்திருக்கும் மாணவர்கள் இனிமேல் மூழ்க வேண்டியவர்கள். காஞ்சிபுரத்தில் தமிழ் கற்பிக்கும் பணியில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறேன். இத்தகைய கூட்டங்களின் முன்வரிசையிலும் பின்வரிசையிலும் போதுமான அளவு அமர்ந்தாயிற்று. மூழ்கியவர்களில் ஒருவருக்கேனும் மூச்சு முட்டியதாக எந்த வரவேற்புரையும் சொல்லக் கேட்டதில்லை.

உவமை தேய்ந்துவிட்டது என்பதல்ல என் குறை. தேயாத உவமை எந்த மொழியில் இருக்கிறது? அந்த உவமைக்குள் ஒரு மனித உடல் இருந்தது, அதை நாம் வெளியே தள்ளிவிட்டோம் என்பதுதான் குறை. கடல் இருக்கிறது, முத்து இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கியவன் மட்டும் இல்லை. அவன் உடலுக்கு அங்கே என்ன நேர்ந்தது என்பதை அறிந்துகொள்ளாமலே இரண்டாயிரம் ஆண்டுகளாக அவன் தொழிலைக் கடன் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

பழைய நூல்களும் இதற்கு முழு விலக்கல்ல. அகநானூற்றின் 350ஆம் பாடலில் கொற்கைப் பரதவர் வருகிறார்கள். சுறா திரியும் நீர்ப்பரப்பில் அதனை விலக்கி வலம்புரிச் சங்குக்காக மூழ்கியவர்கள் அவர்கள். சங்கு முழங்க, ஆரவாரம் மிகுந்த கொற்கை அவர்களை எதிர்கொள்கிறது. மதுரைக்காஞ்சியும் கொற்கையின் முத்தைப் பேசுகிறது. (எங்கள் ஊருக்கும் அந்தக் காஞ்சிக்கும் தொடர்பில்லை என்பதை ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.) சுறாவும் சங்கும் வரவேற்கும் ஊரும் பாட்டில் இடம்பெற்றன. நீருக்கடியில் கழிந்த அந்த ஒரு நிமிடம் இடம்பெறவில்லை. புலவரைக் குறைசொல்ல மாட்டேன். அவர் கரையில் நின்றவர்.

ஆனால் வேறு சிலரும் கரையில் நின்றே பார்த்தார்கள், அல்லது பார்க்காமலே கண்டார்கள். ‘எரித்ரேயக் கடலின் பெரிப்ளஸ்’ என்னும் நூலை எழுதிய, பெயர் தெரியாத கிரேக்க மொழி வணிகர், பாண்டிய நாட்டுக் கொற்கையில் முத்துக்குளிப்பு தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு நடத்தப்பட்டது என்று போகிறபோக்கில் குறிப்பிடுகிறார். சரக்கின் விலை விசாரிக்க வந்தவர் கண்ணில் அது பட்டிருக்கிறது. மன்னார்க் கடலைக் கண்டிராத, 25 வயதில் மறைந்த ஜான் கீட்ஸ், 1820இல் வெளியான ‘இசபெல்லா’ கவிதையில், இரண்டு வணிகச் சகோதரர்களின் செல்வத்துக்காக இலங்கையின் முத்துக்குளிப்பவன் ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவதையும், அவன் காதுகளில் குருதி பெருகுவதையும் சொல்லிச் செல்கிறார். காதில் குருதி என்பது கற்பனை மிகையன்று. பத்து மீட்டர் இறங்கினால் உடலின் மீதான அழுத்தம் இருமடங்காகிவிடும். செவிப்பறை கிழிவது அத்தொழிலில் நேர்வதுதான். முத்துக்குளிப்பவர்களை வைத்து 1863இல் பிரெஞ்சு இசைமேதை பிஸே ஓர் ஓபரா அமைத்தார். களம் இலங்கைதான். அதில் அவர்கள் மூச்சைப் பாடுவதற்கு மட்டுமே செலவிடுகிறார்கள்.

தொழில்முறை பற்றிய பதிவுகள் நிறைய உண்டு. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழியே சென்ற மார்க்கோ போலோ, நான்கு முதல் பன்னிரண்டு பாகம் வரையிலான ஆழத்தில் மூழ்கினார்கள் என்றும், சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுபவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு சென்றது என்றும் எழுதுகிறார். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியச் சங்கைப் பற்றித் தனி நூலே 1914இல் வெளியிட்டார். கயிற்றில் கட்டிய கல்லில் காலை ஊன்றி, அதன் கனத்தில் விரைந்து அடிமட்டத்தை அடைவது. வலைப்பையில் சிப்பிகளை அள்ளுவது. கயிற்றை அசைத்ததும் படகிலிருப்பவர் மேலே இழுத்துவிடுவது. இதற்கு ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடம். பிறகு சற்று ஓய்வு, மீண்டும் கல். கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுக்க வேண்டும், தங்கையின் தாலியை நினைத்தாவது அவன் இழுப்பான் என்று ஒரு வழக்கு தென்பகுதியில் சொல்லப்படுவதுண்டு. முத்தைப் பற்றி நான் கேட்ட பேச்சுகள் எல்லாவற்றிலும் அறிவு மிகுந்தது இதுவே என்பேன். ஏன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

அந்த ஒரு நிமிடத்தில் உடலுக்குள் நடப்பதென்ன? ஆக்சிஜன் தீர்ந்துகொண்டே வருகிறது, தீரும்போது மூச்சு முட்டுகிறது என்றுதான் நம்மில் பெரும்பாலோர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உடல் அப்படி அமைக்கப்படவில்லை. உள்ளிழுக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 விழுக்காடு. வெளிவிடும் காற்றிலும் ஏறத்தாழ 16 விழுக்காடு எஞ்சியிருக்கிறது. உள்ளே போகும்போது 0.04 விழுக்காடாக இருந்த கரியமில வாயுவோ வெளியே வரும்போது 4 விழுக்காடாகிவிடுகிறது. நூறு மடங்கு. மூச்சை அடக்கினால் இந்த வாயு போக வழியின்றி இரத்தத்தில் சேர்கிறது. இரத்தத்தில் இயல்பாக 40 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும் அதன் அழுத்தம் 50ஐ ஒட்டி ஏறும்போது நெஞ்சு துடிக்கிறது, உதரவிதானம் நம்மைக் கேளாமலே சுண்டிச்சுண்டி இழுக்கிறது, வாயைத் திற என்று உடல் முழுவதும் கூவுகிறது. இதற்குத்தான் மூச்சு முட்டுதல் என்று பெயர். அந்தக் கணத்திலும் இரத்தத்தில் ஆக்சிஜன் பெரும்பாலும் போதிய அளவு இருக்கும். ஆக்சிஜன் குறைவை அறியும் உணர்விகள் கழுத்துத் தமனிகளில் இருக்கின்றன; ஆனால் அது பெரிதும் வீழ்ந்த பிறகே அவை உரத்துக் குரல் கொடுக்கின்றன.

தமிழாசிரியன் என்ற முறையில் இங்கே சொற்களைப் பற்றிச் சிறிது பேசாமல் போக முடியவில்லை. ஆக்சிஜனுக்குப் ‘பிராணவாயு’ என்று பெயர் வைத்தோம். மற்றதைக் கழிவு என்று பாடநூலில் படித்தோம். சிலர் நச்சுக்காற்று என்றே எழுதினார்கள். ஒன்றுக்கு உயிரின் பெயர், மற்றொன்றுக்குக் குப்பையின் பெயர். ஆனால் மூச்சு விடச்சொல்லி நம்மை விநாடிதோறும் ஏவிக்கொண்டிருப்பது பிராணவாயு அன்று, குப்பை என்று நாம் ஒதுக்கியதுதான். அதே சமயம், கரியமில வாயு என்ற சொல்லை உருவாக்கியவர்களை வணங்கத் தோன்றுகிறது. கரியும் அமிலமும் சேர்ந்த பெயர் அது. ஐரோப்பியர் ஒருகாலத்தில் வழங்கிய பெயரின் தமிழாக்கம்தான். இருந்தாலும் உடலில் அது வேலை செய்யும் விதம் அப்பெயரிலேயே இருக்கிறது. இரத்தத்திலிருந்து மூளையைச் சூழ்ந்த நீருக்குள் ஊடுருவி, அங்கே அமிலத்தன்மையைக் கூட்டி, அந்த அமிலத்தின் வழியாகவே முகுளத்தில் உள்ள உணர்விகளைத் தட்டி எழுப்புகிறது. ‘கார்பன் டை ஆக்சைடு’ என்ற பெயர் அணுக்களை எண்ணிச் சொல்கிறது, அவ்வளவே. பழைய சொல்லைக் கைவிட்டதில் நாம் இழந்தவை பல. இதையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

மூச்சின் வேகத்தை நிர்ணயிப்பது இந்த வாயுவே என்பதை ஜான் ஸ்காட் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் 1905இல் நிறுவினார்கள். ஹால்டேனின் மகன் ஜே. பி. எஸ். ஹால்டேன் நமக்கு இன்னும் அணுக்கமானவர். 1939 ஜூனில் லிவர்பூல் விரிகுடாவில் ‘தீட்டிஸ்’ நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்தபோது, அடைபட்ட காற்றில் கரியமில வாயு பெருகினால் மனிதன் என்ன ஆவான் என்பதை அறிய அவர் தம்மையே அறைக்குள் அடைத்துக்கொண்டு சோதித்தார். தலைவலி, மேல்மூச்சு, வாந்தி, குழப்பம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எழுதினார். 1957இல் இந்தியா வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார். அறிவியல் வரலாற்றில் நம் மண்ணோடு கலந்த இப்படியொரு மனிதரைப் பற்றித் தமிழில் எத்தனை நூல்கள் இருக்கின்றன என்று நண்பர்கள் தேடிப்பார்க்கலாம்.

இதையெல்லாம் நான் தேடிப் படிக்கக் காரணம் ஒரு மாணவன். சில ஆண்டுகளுக்கு முன் முதலாமாண்டு வகுப்பில் நெய்தல் திணை நடந்துகொண்டிருந்தது. மூச்சடக்கி முத்தெடுத்தல் என்று நானும் வழக்கம்போல் வியந்து சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்தான்.

“ஐயா, அது ஒண்ணும் பெரிய விஷயம் இல்லைங்க. குதிக்கிறதுக்கு முன்னாடி பத்துப் பதினஞ்சு வாட்டி வேகவேகமா மூச்சை இழுத்து வுட்டுட்டுப் போனா மூச்சே முட்டாது. குவாரித் தண்ணியில நான் எழுபது எண்ற வரைக்கும் அடியில இருப்பேன்.”

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பகுதியில் கோயில் குளங்களும் ஏரிகளும் நிறைய. கல் எடுத்து முடித்த குவாரிகளில் தேங்கிய நீர் அவற்றைவிட ஆழம். கோடை விடுமுறை வந்தால் அங்கெல்லாம் இளைஞர்கள் இறப்பதும், மறுநாள் நாளிதழின் உட்பக்கத்தில் நான்கு வரிச் செய்தி வருவதும் நமக்குப் பழகிப்போயின. சேறு, ஆழம், நீச்சல் தெரியாமை என்று காரணம் எழுதிவிடுகிறோம். நீச்சல் நன்றாகத் தெரிந்தவன் ஏன் சத்தமே இல்லாமல் அடியில் கிடந்தான் என்ற கேள்வி எழுவதில்லை.

அந்தப் பையன் சொன்னதில் பொய்யில்லை. வேகமாக மூச்சிழுத்து விட்டால் மூச்சு முட்டாதுதான். ஆனால் அதன் பொருள் அவன் நினைத்ததன்று. இயல்பான மூச்சிலேயே இரத்தத்தின் சிவப்பணுக்கள் 97, 98 விழுக்காடு ஆக்சிஜனால் நிறைந்திருக்கின்றன. வேகமாக இழுத்தாலும் மேற்கொண்டு சேர்வது சொற்பம். கரியமில வாயு மட்டும் பெருமளவில் வெளியேறிவிடுகிறது. அதாவது, சேமிப்பு கூடவில்லை. காவல்காரனுக்கு மயக்க மருந்து கொடுத்தாயிற்று. நீருக்குள் ஆக்சிஜன் கரைந்துகொண்டே போகிறது. கரியமில வாயு தன் பழைய அளவுக்கு ஏறி மணியடிப்பதற்குள் மூளைக்கு வேண்டிய ஆக்சிஜன் தீர்ந்து நினைவு தப்பிவிடுகிறது. தத்தளிப்பு இல்லை, கையசைப்பு இல்லை. நீரடியில் நீந்தி நினைவிழந்து மீட்கப்பட்டவர்களை ஆராய்ந்து அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் கிரெய்க் 1961இல் எழுதினார். மயங்கப்போகிறோம் என்ற முன்னறிவிப்பு அவர்களுக்குக் கிட்டவேயில்லை. இடுப்பளவு நீரிலும் இது நிகழும்.

ஆழம் இன்னொரு கண்ணியை வைக்கிறது. பத்து மீட்டர் ஆழத்தில் நெஞ்சுக்குள் இருக்கும் காற்று அழுத்தப்படுவதால், குறைந்த ஆக்சிஜனும் நிறைந்ததுபோல் இரத்தத்துக்குள் செல்கிறது. மேலே ஏற ஏற அழுத்தம் தளர்ந்து அது சடாரென வீழ்கிறது. ஆகவே மயக்கம் பெரும்பாலும் அடிமட்டத்தில் வருவதில்லை. மேற்பரப்பின் வெளிச்சம் தெரியும் கடைசிச் சில மீட்டரில் வருகிறது. கயிறு மைத்துனன் கையில் இருக்க வேண்டும் என்ற வழக்கின் அறிவு இதுதான். வெளியே வந்துவிட்டான், இனிக் கவலையில்லை என்று கயிற்றைத் தளரவிடும் கணமே ஆபத்தான கணம். இன்று மூச்சடக்கி மூழ்கும் விளையாட்டைப் பயிற்றுவிப்பவர்களும் இதையே முதல் விதியாக வைத்திருக்கிறார்கள்: ஒருவர் மூழ்கும்போது மற்றவர் மேலே இருந்து பார்க்க வேண்டும், மூழ்கியவர் எழுந்து சீராக மூச்சு விடும்வரை கண்ணை எடுக்கக்கூடாது.

எங்கள் ஊரின் அத்திவரதர் 1979இல் அனந்தசரஸ் குளத்திலிருந்து எழுந்தருளினார். பிறகு 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் காட்சி தந்து மறுபடியும் நீருக்குள் சென்றார். நாற்பது ஆண்டு நீரடியில் இருப்பது அவருக்கு இயலும். அதே ஊரின் பிள்ளைகளுக்கு இயலாது.

இங்கேதான் நம் மரபைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சிலர் முகம் சுளிக்கக்கூடும். மூச்சை அடக்குதல் என்பதை நாம் வெற்றியின் மொழியில் மட்டுமே பேசிப் பழகிவிட்டோம். ‘அடக்குதல்’ என்ற வினையே ஐம்புலனையும் பகையையும் அடக்குவதற்கு உரியது. பூரகம், கும்பகம், ரேசகம் என்று அளவு வகுத்த யோக மரபு எச்சரிக்கையோடுதான் பேசுகிறது. ஆசிரியன் அருகிருக்க, படிப்படியாக, நிலத்தில் அமர்ந்து செய்யச் சொல்கிறது. நிலத்தில் மயங்கி விழுந்தால் அடக்கிய மூச்சு தானே திரும்பிவிடும். நீரில் திரும்பும் முதல் மூச்சே நீர். நாம் அந்த எச்சரிக்கையைக் கழித்துவிட்டு வீரத்தை மட்டும் பட்டிமன்றத்துக்குக் கொண்டுவந்தோம். உடல் சொல்வதைக் கேட்காதே, மனம் வென்றால் உடல் பணியும் என்று தன்முன்னேற்றப் பேச்சாளர்கள் கல்லூரி கல்லூரியாகச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். மூச்சு முட்டுதலைப் பலவீனம் என்று நம்பும் பதினெட்டு வயதுப் பையன் அதை வெல்லத்தானே வழி தேடுவான்? பத்துப் பதினைந்து வாட்டி மூச்சிழுக்கும் குறுக்குவழி அவனுக்கு அப்படித்தான் வந்து சேர்கிறது.

அவனிடம் வகுப்பு முடிந்ததும் தனியே பேசினேன். கரியமில வாயு, முகுளம் என்றெல்லாம் தொடங்கியபோது மரியாதைக்காகத் தலையாட்டினான். பாவில் ஓர் இழை அறுந்தால் உன் அப்பா என்ன செய்வார் என்று கேட்டேன். “தறியை நிறுத்திட்டுப் பிணைப்பாருங்க ஐயா.” நிறுத்தாமல் அறுந்த இழை தெரியாதபடி கண்ணைக் கட்டிக்கொண்டு நெய்தால்? அதற்கு அவன் பதில் சொல்லவில்லை.

கரியமில வாயு காவல்காரன் மட்டுமன்று, அளவு மீறினால் அதுவே கொல்லவும் செய்யும். மூச்சடக்கி மூழ்குவோரைவிட, காற்றைக் கொண்டுசென்று மூழ்குவோர் இதை அதிகம் எதிர்கொள்கிறார்கள். ஆழத்தில் சுவாசிக்கும் காற்று அடர்ந்து கனக்கிறது. அதை இழுத்து விடுவதே உழைப்பாகிறது. உழைப்பால் கரியமில வாயு பெருகுகிறது. பெருகியதை வெளியேற்ற மேலும் உழைக்க வேண்டியிருக்கிறது. 2005 ஜனவரி 8 அன்று தென்னாப்பிரிக்காவின் புஷ்மன்ஸ் ஹோல் என்ற நீர்க்குகையில், ஏறத்தாழ 270 மீட்டர் ஆழத்தில், பத்து ஆண்டுகளுக்கு முன் அங்கே இறந்த இளைஞரின் உடலை மீட்க இறங்கிய டேவிட் ஷா இப்படித்தான் மாண்டார். தலையில் பொருத்தியிருந்த கேமராவில் அவர் மூச்சின் ஒலி பதிவாகியிருந்தது. வேகம் கூடிக்கூடி, ஆழம் குறைந்து, பிறகு நின்றுபோகிறது. காற்று இருந்தது, கழிவை வெளியே தள்ளத்தான் முடியவில்லை. மீட்கப் போனவரும் மீட்கப்பட வேண்டியவரும் சில நாள் கழித்துச் சேர்ந்தே மேலே வந்தார்கள்.

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுபோயிற்று. 1973இல் அதே ஊரில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். முத்தெடுத்தல் வரவேற்புரைகளில் மட்டும் தொடர்கிறது. ஆனால் மூழ்குபவர்கள் மறையவில்லை. சங்குகுளிப்பவர்கள் இருக்கிறார்கள், படகிலுள்ள கம்ப்ரசரிலிருந்து நீளும் குழாயை வாயில் கவ்விக்கொண்டு இறங்குபவர்கள் அவர்களில் உண்டு. இயந்திரத்தின் புகை அந்தக் கம்ப்ரசருக்குள் புகுந்துவிட்டால் குழாய் வழியே வருவது கார்பன் மோனாக்சைடு. கரியமில வாயுவைப்போல அது மூச்சு முட்டச் செய்து எச்சரிப்பதில்லை. மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டிக் கடற்பாசி எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணில் கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து மூழ்கி மூழ்கி எழுகிறார்கள். தமிழ்ப் புனைவில் ஜோ டி குரூஸ் ‘ஆழி சூழ் உலகு’, ‘கொற்கை’ நாவல்களின் வழியே கடலோர வாழ்வை உள்ளிருந்து எழுதினார். ‘கொற்கை’க்கு 2013இல் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. கவிதையில் அந்தப் பாசி எடுக்கும் பெண்ணின் ஒரு நிமிடத்தை உள்ளிருந்து எழுதிய ஒன்றை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். வாசகர் யாரேனும் அறிந்திருந்தால் எழுதுங்கள்.

குளக்கரைகளிலும் குவாரிகளிலும் ‘ஆழமான பகுதி, குளிக்கத் தடை’ என்று பலகை வைக்கிறார்கள். நீச்சல் தெரிந்த பையன் அது தனக்கில்லை என்று கடந்துவிடுகிறான். அதன் கீழே அவனுக்கென்று இரண்டு வரி எழுதலாம்: குதிக்கும் முன் வேகவேகமாக மூச்சிழுத்து விடாதே, ஒருவன் மூழ்கினால் ஒருவன் கரையில் நின்று பார்த்துக்கொண்டிரு. எங்கள் கல்லூரியில் இந்த ஆண்டு கோடை விடுமுறைக்கு முந்தைய கடைசி வகுப்பில் நெய்தலை மீண்டும் எடுக்க இருக்கிறேன். அகநானூறு 350, பிறகு இந்த இரண்டு வரி.